பூனையின் இயல்பும் பழக்கமும்

காவிரியாற்றின் இடக்கரையில், நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் வட்டத்தில் அமைந்த ஊர் ஜேடர்பாளையம். ஆற்றின் குறுக்கே கிடக்கும் அணையும், அதனின்று பிரியும் இராஜவாய்க்காலும் அவ்வூரின் பெயரை நெடுந்தொலைவு பரப்பியுள்ளன. பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் அவ்வாய்க்காலை வெட்டுவித்தார் என்று மக்கள் நன்றியுடன் போற்றுவர். அவ்வாய்க்கால் நீரால் கரும்பும் வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடியும் செழித்து வளர்கின்றன. கரும்பைப் பிழிந்து, சாற்றைக் காய்ச்சி, வெல்லமாக்கும் ஆலைக் கொட்டகைகள் அப்பகுதியில் பல. அங்கு விளையும் வெல்லம் அண்மையிலுள்ள பிலிக்கல்பாளையத்துச் சந்தையில் ஏலம் போகும்.

விளைச்சல் மிகும் இடத்தில் எலியும் மிகும். நெல் மூட்டையைத் துளைக்கும் எலி தின்பது சிறிது. சிந்திப் பாழாக்குவது பெரிது. ஆதலின் உழவர் இல்லங்களில் பூனைக்குத் தொன்றுதொட்டு இடம் உண்டு. அதற்குக் கட்டுத்தறி இல்லை, காவற்கூலியும் இல்லை. பகற்பொழுதின் பெரும்பகுதியைத் திண்ணையில் உறங்கிக் கழிக்கும். அந்தி மயங்கியதும் தன் தொழிலைத் தொடங்கும்.

இவ்வாறு வேண்டி ஏற்ற பூனையைச் சில நாள் கழித்து வெறுத்துத் துரத்துவாரும் உளர். "மீனைத் திருடிற்று; பாயைக் கீறிற்று; அறையின் மூலையில் சிறுநீர் கழித்தது; குழந்தையின் கையைப் பிறாண்டிற்று" என்று அதன்மேல் குற்றங்கள் அடுக்கப்படும். முதலில் அடி விழும். அடியால் பயன் விளையாதபோது, பூனையைக் கோணிப்பையிலிட்டு வாயைக் கட்டி, ஆற்றுக்கு அப்பாலோ சந்தை கூடும் இடத்திலோ விட்டு வருவர். இவ்வழக்கம் ஓர் ஊர்க்கே உரியதன்று. நாட்டுப்புறத்திலும் நகரத்திலும் காணப்படுவதே. முன்பின் அறியாத தெருவில் விடப்பட்ட பூனையை நாய் விரட்டும். அவ்விடத்துப் பழைய பூனைகளும் விரட்டும். உணவு கிடைக்கும் இடம் அதற்குத் தெரியாது. பல பூனைகள் பசியால் மடிந்துபோகின்றன.

இத்துணைப் பெரிய தண்டனைக்கு அவ்வுயிர் செய்த குற்றம் யாது? உற்று நோக்குவார்க்கு, குற்றம் எனப் பெயர் பெற்றவற்றுள் பெரும்பாலன பூனையின் பிறவி இயல்புகளே என்பது புலனாகும். இயல்புக்கு உரிய இடம் வீட்டில் வாய்க்காதபோது, அது தகாத இடத்தில் வெளிப்படுகிறது. காரணத்தைக் கண்டு களைந்தால் குறையும் தானே நீங்கும். இதனைப் படிப்படியாக ஆராய்தல் நலம்.

இன்று உலகெங்கும் மனைகளில் வாழும் பூனைகள், மேற்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் திரியும் ஒருவகைக் காட்டுப்பூனையின் வழிவந்தவை. மனிதர் உழவுத் தொழிலை மேற்கொண்டு தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய காலத்தில், தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. சைப்ரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முன் புதைக்கப்பெற்ற மனிதர் ஒருவரின் அருகே பூனையொன்றின் முழு எலும்புக்கூடு கிடந்தமையை 2004ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அத்தீவில் இயற்கையாகப் பூனையினம் இருந்ததில்லை; ஆதலின் மக்களே அதனைப் படகில் கொணர்ந்திருத்தல் வேண்டும்.

தமிழரும் பூனையை நெடுங்காலமாக அறிவர். பூசை, வெருகு என்னும் சொற்கள் பழந்தமிழ் நூல்களில் பயில்கின்றன. வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயரைத் தொல்காப்பியத்து மரபியல் வகுத்தது. மக்கள் இன்றும் பூனைக்குட்டி என்றே வழங்குகின்றனர். இராமகாதையைப் பாடப் புகுந்த கம்பர், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க முயன்ற பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் முன்கால்களை உயர்த்தித் தவம் புரியும் பூனையொன்று உளது; அதன் அடியில் எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. அதனைக் காண்போர் நகைப்பர். தவக்கோலம் பூண்டாலும் பூனையின் இயல்பு மாறுமோ என்னும் எண்ணமே அந்நகைப்புக்குக் காரணம்.

மாட்டையும் குதிரையையும் நாயையும் மனிதர் தம் ஏவலுக்கு ஏற்பத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தனர். பூனையோ அங்ஙனம் ஏவல் பயிலவில்லை. தானே வேட்டையாடித் தானே உண்டு வாழும் இயல்பு அதனிடம் பெரிதும் மாறாமல் நிலைத்துள்ளது. நாயினிடத்தில் எதிர்பார்க்கும் கீழ்ப்படிதலைப் பூனையினிடத்தில் எதிர்பார்ப்பதே முதற் பிழையாகும்.

இனி, அதன்மேல் சாற்றப்படும் குற்றங்களை ஒவ்வொன்றாக நோக்கலாம். முதலாவது, திருட்டு. பூனை முற்றிலும் புலாலுண்ணி. வெல்லம் காய்ச்சும் ஊரில் பிறந்து வளர்ந்த பூனைக்கும் வெல்லத்தின் இனிமை தெரியாது! இனிப்பை உணரும் ஆற்றல் பூனையினத்தின் நாவில் இல்லை என்பதையும், அதற்குரிய மரபணு சிதைந்திருப்பதே காரணம் என்பதையும் 2005ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கண்டறிந்தனர். எறும்பு மொய்க்கும் வெல்லத்தைப் பூனை முகர்ந்துவிட்டு அப்பாற் செல்லும்; மீன் நாற்றம் வந்தாலோ விரைந்து ஓடி வரும்.

புலாலில் உள்ள டாரின் என்னும் சத்துக் குறைந்தால் பூனையின் கண்பார்வை கெடும், நெஞ்சாங்குலையும் நலியும். பாற்சோற்றில் இச்சத்துப் போதிய அளவு இல்லை. மேலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். நாள்தோறும் சோறும் பாலுமே பெறும் பூனை, வயிறு நிறைந்தும் உடற்பசி தீராமல் மீன் சட்டியை நாடுகிறது. அதனைத் திருட்டு என்பதினும் குறையுணவின் விளைவு என்பதே பொருந்தும். முள் நீக்கிய மீனையோ கோழியிறைச்சியையோ உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்து, வெந்த நீரோடு கலந்து அளித்தல் நன்று. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் வேகவைத்த முட்டையைச் சேர்ப்பதும் எளிது. வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதியைக் கெடுக்கும். அவை கலந்த குழம்பை ஊற்றுதல் கூடாது. ஒரே வேளையில் மிகுதியாகக் கொடாமல், சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தல் வேண்டும். புலாலுண்ணாத இல்லத்தார் பூனை வளர்க்க விரும்பின், இவற்றை முன்னரே எண்ணித் துணிதல் கடன்.

இரண்டாவது குற்றம் கீறுதல். பூனை நகத்தால் மரத்தைப் பிறாண்டுவது சினத்தாலன்று. அவ்வாறு பிறாண்டுங்கால் நகத்தின் பழைய மேலுறை கழன்று, உள்ளிருக்கும் கூரிய நகம் வெளிப்படும். உறங்கி எழுந்த உடலின் தசைகள் நிமிரும். பாதத்திலுள்ள சுரப்பிகளின் மணம் அவ்விடத்தில் படிந்து, 'இஃது என் இடம்' என்று பிற பூனைகட்கு அறிவிக்கும். முப்பயனும் தரும் இச்செயலை எப்பூனையும் கைவிடாது. மரமில்லாத வீட்டில் அது கோரைப்பாயையும் நெல் மூட்டையையும் மெத்தையையும் நாடும். உறுதியான கட்டையொன்றில் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, பூனை பின்கால்களில் நின்று உடலை நீட்டும் உயரத்திற்கு நாட்டி, அது உறங்கும் இடத்தின் அருகில் வைத்தால் போதும். முதலில் கீறிய பொருளை மூடி வைத்து, கட்டையில் கீறும்போதெல்லாம் சிறிது மீன் துண்டு அளித்தால், சில நாளில் பாய் பிழைத்துவிடும்.

மூன்றாவது, வீட்டினுள் மலசலம் கழித்தல். தளர்ந்த மண்ணைத் தோண்டி, கழிவை இட்டு மூடுதல் பூனையின் பிறவிக் குணம். முற்காலத்து மனைகளில் மண்முற்றமும் கொல்லையும் சாம்பல்மேடும் இருந்தன. பூனை எவருக்கும் தொல்லையின்றித் தன் கடனை முடித்தது. இக்காலத்து வீடுகளில் முற்றம் சிமெண்டுத் தரையாயிற்று, அடுப்பும் எரிவாயு அடுப்பாயிற்று, சாம்பல் இல்லை. பூனை எங்கே செல்லும்? மெத்தென்றிருக்கும் துணிக்குவியலையும் அரிசிக் கூடையையும் நாடுகிறது. அகன்ற தட்டு ஒன்றில் மூன்று விரற்கடை ஆழத்திற்கு மணலோ மரத்தூளோ பரப்பி, ஆரவாரமற்ற மூலையில் வைத்தல் வேண்டும். அது உண்ணும் இடத்திற்கு அருகில் இருத்தல் ஆகாது. கழிவை நாள்தோறும் அகற்றுதல் வேண்டும். அழுக்கடைந்த தட்டைப் பூனை வெறுக்கும். பல பூனைகள் வாழும் வீட்டில், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு மிகுதியாக வைத்தல் நலம்.

கடுவன் பூனை சுவரின்மீதும் கதவின்மீதும் நின்றவாறே சிறுநீரைப் பீச்சுதல் வேறொன்று. அஃது எல்லை குறிக்கும் செயல். பருவமெய்திய பெட்டைப் பூனை இரவெல்லாம் கதறுவதும், கடுவன்கள் கூரைமேல் பூசலிடுவதும் இனப்பெருக்க வேட்கையால் விளைவன. கருத்தடை அறுவை செய்தால் இவை பெரும்பாலும் அடங்கும். பெட்டைப் பூனை ஆறு திங்கள் நிரம்புமுன்பே கருவுறவும் கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் குட்டிகளை ஈனும். ஓராண்டில் இருமுறையோ மும்முறையோ ஈனவும் வல்லது. ஈன்ற குட்டிகளையெல்லாம் கொண்டுபோய்ச் சந்தையில் விடுவதினும், உரிய காலத்தில் அறுவை செய்வித்தல் அறமும் எளிமையும் ஆகும். நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது; ஊர்தோறும் அரசின் கால்நடை மருந்தகங்களும் உள்ளன. அறுவை செய்யுமிடத்தை அவற்றில் கேட்டறியலாம்.

நான்காவது, கடித்தலும் பிறாண்டுதலும். இதற்குரிய வித்து குட்டிப் பருவத்திலேயே இடப்படுகிறது. பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதரின் மென்மையான கைப்பழக்கம் பெற்ற குட்டி, மனிதரை அஞ்சாது வளரும். அக்காலத்தில் மனித வாடையே அறியாத குட்டியைப் பின்னர்ப் பழக்குதல் அரிது. எட்டு வாரம் நிரம்புமுன் தாயினின்று பிரிக்கப்பட்ட குட்டி, உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடி, கடியின் அளவை அறியும் வாய்ப்பை இழக்கிறது. சிறுவர் தம் விரலை ஆட்டிக் குட்டியைக் கடிக்கச் செய்து மகிழ்வர். வளர்ந்தபின் அது கடித்தால் வருந்துவர். விரலே எலி என்று கற்பித்தவர் யார்? கயிற்றின் நுனியில் துணிப்பந்தைக் கட்டி இழுத்து விளையாட்டுக் காட்டினால், வேட்டையுணர்ச்சியும் தீரும், விரலும் பிழைக்கும்.

பூனை கடிக்குமுன் குறிப்புக் காட்டும். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் நட்பு. பூனை வாலை வீசி வீசி அடித்தால் சினம். காதுகள் பின்னோக்கி மடிவதும், உடல் விறைப்பதும், தோல் சிலிர்ப்பதும் 'விடுக' என்னும் வேண்டுகோள். வாலைச் செங்குத்தாக உயர்த்தி வரும் பூனையோ நட்போடு வருகிறது. இம்மொழியைச் சிறுவர் அறிந்தால் பாதிக் காயங்கள் நிகழா. எங்ஙனமாயினும் பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். ரேபிஸ் என்னும் வெறிநோய் பூனையாலும் பரவும். ஆதலின் வளர்ப்புப் பூனைக்குத் தடுப்பூசி போடுவதும் இன்றியமையாதது.

இவ்வளவும் அறிந்தபின், அடித்துத் திருத்தலாகாதோ என்று வினவுவார் இருப்பர். 'அடியாத மாடு படியாது' என்பது பழமொழி. அது பூனைக்குப் பொருந்துமா? 1898ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தார்ண்டைக் என்னும் அறிஞர் ஒரு சோதனை நிகழ்த்தினார். மரச்சட்டங்களால் ஆன பெட்டிக்குள் பசித்த பூனையை அடைத்தார்; வெளியே மீனை வைத்தார். உள்ளே தொங்கும் கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். பூனை முதலில் கடித்தது, கீறியது, சட்டங்களின் இடையே நுழைய முயன்றது, தற்செயலாக வளையம் இழுபட, கதவு திறந்தது, மீனும் கிடைத்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது, வீண்முயற்சிகள் குறைந்து, வெளிவரும் நேரமும் படிப்படியாகக் குறைந்தது. இன்பம் தந்த செயல் நிலைத்தது; பயன் தாராத செயல் நழுவியது. இதனைப் பின்னர் 'விளைவு விதி' எனப் பெயரிட்டு வழங்கினர்.

அடியில் இத்தொடர்பு அமைவதில்லை. காலையில் கீறிய பாயை மாலையில் காட்டி அடித்தால், பூனை பாயை நினையாது. அடித்த கையையே நினைக்கும். அக்கையைக் கண்டு ஒளியும். ஒளிய இடமில்லையேல் பாயும். அச்சத்தால் கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பதும் உண்டு. ஒரு குறையைத் தீர்க்க எடுத்த கோல் இரண்டு குறைகளை வளர்த்துவிடுகிறது.

வீட்டார் அறியாமலே கற்பிக்கும் பாடங்களும் உள. நள்ளிரவில் பூனை கத்துகிறது, தூக்கம் கெட்டவர் எழுந்து மீன் துண்டை இடுகிறார், பூனை அமைதியாகிறது. அவர் பூனையை அடக்கியதாக எண்ணுகிறார். பூனையோ, கத்தினால் மீன் வரும் என்று கற்றுக்கொள்கிறது. மறுநாளும் கத்தும். இதற்கு மருந்து, மாலையில் விளையாட்டுக் காட்டி, உறங்குமுன் வயிறார உணவளித்து, இரவில் எழாதிருத்தலே. தொடக்கத்தில் சில இரவுகள் கத்தல் முன்னினும் மிகும். அவ்வேளையில் மனம் தளர்ந்து ஒருமுறை எழுந்தாலும், நெடுநேரம் கத்துதல் வேண்டும் என்னும் பாடமே அதற்குக் கிட்டும். இதில் வீட்டார் அனைவரும் ஒரு நெறியில் நிற்றல் வேண்டும். பாட்டி ஊட்டுவதும் பேரன் விரட்டுவதுமாக இருந்தால், பூனை யாரைப் பின்பற்றும்?

மற்றொன்றும் கருதத்தக்கது. நெடுநாள் ஒழுங்காக இருந்த பூனை திடீரென நடத்தை மாறினால், அதனை நோய் என ஐயுறுதல் வேண்டும். ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வாராதிருந்தால், நீர்த்தாரை அடைபட்டிருக்கக் கூடும். ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும். தொட்டதும் சீறும் பூனைக்குப் பல்வலியோ உட்காயமோ இருக்கலாம். வாய் பேசாத உயிர் தன் வலியை நடத்தையாலன்றி வேறு எதனால் கூறும்? உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. அதனை அன்பினால் கொடுத்தாலும் உயிர் போகும்.

அறத்தோடு சட்டமும் இவ்வுயிர்க்குத் துணை நிற்கிறது. நடனக்கலைஞரும் மாநிலங்களவை உறுப்பினருமாக விளங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சி தூண்டுகோலாக, விலங்குகட்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் சட்டம் 1960ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி 1962ஆம் ஆண்டில் விலங்கு நல வாரியம் அமைக்கப்பட்டபோது அவரே அதன் முதல் தலைவரானார். காரணமின்றி ஒரு விலங்கைப் பசியாலோ நீர் வேட்கையாலோ துன்புறுமாறு கைவிட்டுச் செல்லுதல் அச்சட்டப்படி குற்றம். கோணிப்பையைச் சுமந்து செல்வார் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பூனை தன் இயல்பின்படி வாழ்கிறது. தன் இயல்பை ஆராயும் ஆற்றல் அதற்கு இல்லை. அவ்வாற்றல் மனிதர்க்கு உண்டு. தக்க உணவும், ஒரு தட்டு மணலும், நார்க்கயிறு சுற்றிய ஒரு கட்டையும், சிறிது விளையாட்டும், உரிய மருத்துவமும் பெற்ற பூனையினிடத்தில் குற்றம் காண்பது அரிது. ஆதலின், பூனையின்மேல் கோலை ஓங்குமுன், இவற்றுள் எது தன் வீட்டில் இல்லை என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பாராக.